ஆர்கேட் மானிட்டர் போர்டில் படிந்ததை எடுப்பது எப்படி: சேலம், ஏற்காடு பக்கத்துப் புதியவர்களுக்கு

ஆர்கேட் எனப்படும் பழைய வீடியோ கேம் பெட்டியிலிருந்து, புதிதாகக் கெப்பாசிட்டர் மாற்றிய மானிட்டர் போர்டு ஒன்றைத் திருப்பி, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பாகங்களின் ஒவ்வொரு காலைச் சுற்றியும் கண்ணாடி மாதிரி ஒரு மஞ்சள் வட்டம் இருக்கும். சால்டர் செய்யும்போது போட்ட ஃப்ளக்ஸ் பிசின் அது. அதன் ஓரத்தில் சுண்ணாம்பு அடித்தது போல் வெள்ளைப் பூச்சு. அந்தப் பூச்சுக்குள் ஒன்றிரண்டு பிரஷ் முடிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். யாரோ ஸ்பிரிட் ஊற்றித் தேய்த்து, அப்படியே காயவிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். புதிதாக இந்த வேலைக்கு வருகிற பத்தில் எட்டுப் பேர் இதைத்தான் செய்கிறார்கள். கரைப்பதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். கரைந்த பிசுக்கு போர்டை விட்டு வெளியேறினால்தான் அது சுத்தம். இல்லாவிட்டால் ஓரிடத்தில் திட்டாக இருந்தது போர்டு முழுக்க மெல்லிய படலமாகப் பரவியிருக்கும், அவ்வளவுதான்.

பழைய வீடியோ கேம் பெட்டியில் இருப்பது பிக்சர் ட்யூப் மானிட்டர். டிவி மெக்கானிக்குக் கைவந்த சாமான்தான். ஆனால் அதற்குள் 20,000 வோல்ட்டுக்குப் பக்கத்தில் மின்சாரம் ஓடுகிறது. அந்த அழுத்தத்தில் அழுக்கும் ஈரமும் சேர்ந்தால் அதுவே ஒரு ஒயர் ஆகிவிடும். அதனால் இங்கே சுத்தம் செய்வது அழகுக்காக இல்லை.

போர்டைத் தொடுவதற்கு முன்

பிளக்கைப் பிடுங்கிவிட்டால் ஆபத்து போய்விட்டது என்று நினைக்காதீர்கள். ட்யூபே ஒரு பெரிய கெப்பாசிட்டர். நாள்கணக்கில் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். நல்ல இன்சுலேஷன் கைப்பிடியுள்ள தட்டையான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்து, அதன் கம்பியில் ஒரு க்ளிப் ஒயரைக் கோர்த்து, மறுமுனையை ட்யூபின் முதுகில் ஓடும் வெறும் பின்னல் கம்பியில் மாட்டுங்கள். சேஸிஸ் தகட்டில் எங்கேயோ மாட்டினால் போதாது, பின்னல் கம்பியிலேயே மாட்ட வேண்டும். பிறகு ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஸ்க்ரூ டிரைவர் நுனியை, ட்யூபுக்குள் உயர் மின்னழுத்த ஒயர் நுழையும் இடத்தை மூடியிருக்கும் ரப்பர் கேப்புக்கு அடியில் உலோகத்தைத் தொடும்வரை நுழையுங்கள். ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரலாம், வராமலும் போகலாம். ஐந்து நிமிடம் விட்டு இன்னொரு தடவை செய்யுங்கள். கண்ணாடி கொஞ்சம் சார்ஜைத் திரும்பக் கக்கும்.

அடுத்தது பவர் பகுதியில் இருக்கும் பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர். 2.2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரின் கால்களை இன்சுலேட் செய்து, கெப்பாசிட்டரின் இரண்டு முனைகளிலும் பத்து விநாடி பிடியுங்கள். பிறகு மீட்டர் வைத்துப் பார்த்து, 5 வோல்ட்டுக்குக் கீழே வந்தபின் கை வையுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நேராக ஷார்ட் செய்யும் பழக்கம் பல கடைகளில் உண்டு. அதில் ட்ராக் (போர்டில் ஓடும் செம்புக் கோடு) ஆவியாகிப் போன போர்டுகள் ஏராளம்.

இந்த இரண்டையும் தனியாகச் செய்ய மனம் துணியவில்லையா? தெரிந்த பழைய டிவி மெக்கானிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் தடவை செய்யுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ட்யூபின் கழுத்தில் செருகியிருக்கும் நெக் போர்டை நேராகப் பின்னால் இழுக்க வேண்டும். ஆட்டினால் ட்யூபின் கழுத்து முறியும், அதற்குப் பிறகு மானிட்டரே இல்லை. யோக் (கழுத்தைச் சுற்றிய காயில்), டீகாஸ் (ட்யூபில் ஏறும் காந்தத்தை நீக்கும் காயில்), வீடியோ கனெக்டர்களையும், ஒவ்வொரு ப்ரீசெட்டும் (திருகிச் சரிசெய்யும் சிறு ரெசிஸ்டர்) எந்தத் திசையில் நிற்கிறது என்பதையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

என்னென்ன வேண்டும்

ஒரு சேஸிஸும் (மெயின் போர்டு) நெக் போர்டும் முடிக்க, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் (இனி ஐ.பி.ஏ.) 500 மி.லி. தாராளமாகப் போதும். மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட் வேண்டாம். அதில் வேறு சேர்மானம் கலந்திருக்கும், காய்ந்ததும் பிசுபிசுக்கும். சானிட்டைசரில் கிளிசரின் இருக்கிறது, அதுவும் கூடாது. 70 சதவீத ஐ.பி.ஏ.வில் மீதி 30 தண்ணீர். பழைய மானிட்டர் போர்டுகளில் பல, காகித அடுக்கில் செய்த பழுப்பு நிற ஃபீனாலிக் போர்டுகள். அவை தண்ணீரைக் குடித்துவிட்டு லேசில் விடாது.

பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டர் வாங்குங்கள். சேலத்துப் போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று வாளியின் உள்பக்கத்தைப் பார்த்தாலே தெரியும். அந்த வெள்ளை உப்பு போர்டின் மேலும் அப்படியே படியும். ஆர்.ஓ. தண்ணீரிலும் உப்பு கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

அரை அங்குல பெயிண்ட் பிரஷ் இரண்டு. முடியை ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டிவிட்டால் விறைப்பாக நின்று வேலை செய்யும். மென்மையான பல் பிரஷ் ஒன்று. துடைக்க, பலமுறை துவைத்து நைந்த பருத்தி வேட்டித் துணியை உள்ளங்கை அளவுக்கு முப்பது துண்டு வெட்டி வையுங்கள். பஞ்சு உருண்டையைவிட இது எவ்வளவோ மேல், நார் விடாது. சுரண்டுவதற்கு மூங்கில் குச்சி, தென்னை ஈர்க்கு. நைட்ரைல் கையுறை, கண்ணாடி, முகக்கவசம். பழைய சால்டர் ஈயத்தில் காரீயம் உண்டு, வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சாப்பாடு.

சேலத்தில் கொலுசுப் பட்டறைக்கார நண்பர்கள் எல்லோருக்கும் இருப்பார்கள். அங்கே வெள்ளியைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரிலும் பித்தளைக் கம்பி பிரஷ்ஷிலும் பளபளவென்று ஆக்குவதைப் பார்த்தவர்களுக்கு, போர்டிலும் அதைச் செய்தால் என்ன என்று தோன்றும். செய்யாதீர்கள். பித்தளை முடி ஒன்று உதிர்ந்து இரண்டு காலுக்கு நடுவே கிடந்தால் மானிட்டரை எரிக்க அது போதும். பூந்திக்கொட்டை நுரை காகிதப் போர்டுக்குள் ஊறி நின்றுவிடும்.

ஐ.பி.ஏ. எளிதில் தீப்பிடிக்கும். சுமார் 12 டிகிரி வெப்பத்திலேயே பற்றக்கூடிய ஆவியை விடும். சேலத்துச் சித்திரை வெயிலை விடுங்கள், ஏற்காட்டு மார்கழிப் பகலில்கூட அதைவிடச் சூடு உண்டு. ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்துபோகும். சாமி விளக்கு, கொசுவர்த்திச் சுருள், கேஸ் அடுப்பு எதுவும் அந்த அறையில் இருக்கக்கூடாது. சால்டரிங் அயர்னை அணைத்து, ஆறவைத்த பிறகு பாட்டிலைத் திறங்கள்.

முதலில் உலர் சுத்தம்

எந்தத் திரவமும் தொடுவதற்கு முன் தூசியை உலர்ந்த நிலையிலேயே எடுத்துவிட வேண்டும். தூசிமேல் ஐ.பி.ஏ. ஊற்றினால் சேறாகி, ஐ.சி. அடியிலும் கனெக்டர் ஓட்டைகளிலும் போய் உட்காரும். உயர் மின்னழுத்தம் தூசியைத் தன்பக்கம் இழுக்கும் என்பதால் ரப்பர் கேப்பைச் சுற்றியும், அந்த மின்னழுத்தத்தை உண்டாக்கும் லைன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் (எல்.ஓ.டி.) மேலும்தான் அழுக்கு அதிகம். சுண்ணாம்புக்கரடு பக்கத்திலிருந்து வரும் பெட்டிகளில் வெள்ளைத் தூசு மாவு போல அப்பியிருக்கும். அது கல்லின் பொடி. அழுத்தித் தேய்த்தால் போர்டில் அச்சடித்த எழுத்தைச் சுரண்டிவிடும். பிரஷ்ஷால் மெல்லத் தட்டி, வெளியே திறந்த இடத்தில் ஊதுங்கள். பஞ்சர் கடை கம்ப்ரசர் வேண்டாம். குழாயில் எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்து வரும், வேகமும் அதிகம்.

ட்யூபின் முதுகில் இருக்கும் கறுப்புப் பூச்சு அழுக்கு இல்லை. அது கிராஃபைட் பூச்சு. ட்யூபின் வெளிப்பக்க எர்த்தே அதுதான். புதியவர்கள் அதை ஐ.பி.ஏ. போட்டுத் தேய்த்து, கண்ணாடி தெரியும்வரை ‘சுத்தம்’ செய்துவிடுவதுண்டு. அதற்கு உலர்ந்த பிரஷ் போதும், ஈரத் துணியே படக்கூடாது.

படிந்திருப்பது எது என்று பாருங்கள்

காலைச் சுற்றி ஒளி ஊடுருவும் மஞ்சள், அல்லது தேன் நிறத்தில் கண்ணாடி மாதிரி இருந்து, நகத்தால் கீறினால் பொடியாக உதிர்ந்தால் அது ரோசின் ஃப்ளக்ஸ். கம்பெனியில் போட்ட பழைய ரோசின் காய்ந்து இறுகியிருந்தால் கெடுதல் ஒன்றும் செய்யாது. அதை முழுக்க எடுத்தே தீர வேண்டும் என்று போர்டைத் தேய்த்துத் தேய்த்து மெலிய வைக்காதீர்கள். நீங்கள் புதிதாகச் சால்டர் செய்த இடங்களைத்தான் எடுக்க வேண்டும். அதிலும் விரலில் ஒட்டும் பிசினாக நிற்கும் ‘நோ-கிளீன்’ ஃப்ளக்ஸைக் கட்டாயம் எடுங்கள். கழுவத் தேவையில்லை என்று டப்பாவில் போட்டிருப்பது முழுச் சூடு கண்ட ஃப்ளக்ஸுக்குத்தான் பொருந்தும். அயர்ன் நுனி படாமல் ஓரமாக வழிந்தது வேகாமலே நின்று, தூசியையும் ஈரத்தையும் பிடிக்கும்.

பெரிய கெப்பாசிட்டர், காயில்களின் அடியில் காப்பிக்கொட்டை நிறத்தில் கெட்டியாக இருப்பது கம். அசையாமல் இருக்கக் கம்பெனியில் வைத்தது. வைத்தபோது வெளிர் மஞ்சள். வருஷக்கணக்கில் சூடு பட்டு, பழுப்பாகி, ஈரத்தை இழுத்து, பக்கத்துக் கால்களை அரித்து, கடைசியில் மின்சாரத்தையே கடத்தத் தொடங்கும். புதியவர்கள் இதைத்தான் கவனிக்காமல் விடுகிறார்கள். ரெசிஸ்டர் கால் பச்சை பிடித்து அறுந்திருந்தால், அதன்மேல் இந்தக் கம் பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கெப்பாசிட்டரின் அடியில் எண்ணெய்ப் பளபளப்பு, மங்கிப்போன ஈயம், பச்சை ட்ராக், அயர்ன் வைத்தால் மீன் வாடை, இதில் எது தெரிந்தாலும் கெப்பாசிட்டருக்குள் இருக்கும் திரவமான எலக்ட்ரோலைட் கசிந்திருக்கிறது. டீ கலரில் எல்லா இடத்திலும் சீராக ஒட்டியிருந்தால் சிகரெட் புகை, அடுப்படி எண்ணெய்ப் புகை. ஹீட்சிங்கில் வெள்ளையாக இருப்பது சூட்டைக் கடத்தும் பேஸ்ட். அதைத் தொடாதீர்கள், தொட்டுவிட்டால் துடைத்துப் புதிதாக வையுங்கள்.

ஃப்ளக்ஸை எடுக்கும் முறை

போர்டைத் தட்டையாக வைக்காமல் ஒரு பக்கம் முப்பது டிகிரி சாய்த்து வையுங்கள், சால்டர் பக்கம் மேலே. தாழ்ந்த ஓரத்தில் ஒரு துணி மடிப்பு. கழுவிய திரவம் அங்கே போய்ச் சேர வேண்டும். ப்ரீசெட்களும் கனெக்டர்களும் மேட்டுப் பக்கம் இருக்கும்படி திருப்பிக்கொள்ளுங்கள்.

உள்ளங்கை அளவு இடத்துக்கு 5 மி.லி. ஐ.பி.ஏ. விட்டு ஒரு நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு பல் பிரஷ்ஷால் சிறு வட்டமாகத் தேயுங்கள். மஞ்சள் கரைந்து பால் மாதிரி ஆகும். அது காய்வதற்குள், வேட்டித் துணித் துண்டு ஒன்றை அந்த இடத்தின்மேல் விரித்து, துணியின்மேலே இன்னும் கொஞ்சம் ஐ.பி.ஏ. விட்டு, துணி வழியாகவே பிரஷ்ஷால் தட்டித் தேயுங்கள். கரைந்த ரோசின் துணிக்குள் ஏறும். ஈயக் கூர்முனைகளில் துணி மாட்டும், அங்கே இழுக்காமல் தூக்கி எடுங்கள். எடுத்துப் பார்த்தால் துணியில் மஞ்சள் வட்டங்கள் அச்சாகப் பதிந்திருக்கும். புதுத் துண்டு, புது ஐ.பி.ஏ. மறுபடி. துணியில் மஞ்சள் வராதபோது நிறுத்தலாம். பெரும்பாலும் மூன்றாவது தடவையில் வந்துவிடும்.

பிரஷ்ஷை நேராகப் பாட்டிலுக்குள் முக்காதீர்கள். ஒரு தடவை முக்கினாலே அரை லிட்டரும் ரோசின் தண்ணீர் ஆகிவிடும். அப்புறம் எத்தனை கழுவினாலும் வெள்ளைப் படலம் போகாது. சிறு கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, நிறம் மாறியதும் கொட்டிவிடுங்கள்.

அப்படியும் வெள்ளை வந்தால் பயப்பட வேண்டாம். ரோசின் கரைந்து, அதன் கூடச் சேர்ந்திருந்த உப்பு மட்டும் தங்கியிருக்கிறது. டிஸ்டில்டு வாட்டரும் ஐ.பி.ஏ.வும் சரிபாதி கலந்து, பிழிந்த துணியால் அந்த இடத்தை மட்டும் ஒற்றி, உடனே சுத்த ஐ.பி.ஏ.வால் துடைத்தால் போய்விடும்.

ஒன்றை மறக்கக் கூடாது: ப்ரீசெட்டுக்குள் இந்தக் கழுவல் போகக்கூடாது. செங்குத்து உயரத்தைச் சரிசெய்யும் ப்ரீசெட்டுக்குள் ரோசின் போய் ஒட்டினால், படம் முழுவதும் சுருங்கி நடுவில் ஒரே பளிச்சென்ற கோடாக நிற்கலாம். அப்படி வந்தால் அந்த விநாடியே ஆஃப் செய்யுங்கள். விட்டால் அந்தக் கோடு திரையில் நிரந்தரமாகச் சுட்டுவிடும்.

பழுப்புக் கம்

இது கரையாது, நெகிழும், அவ்வளவுதான். 10 நிமிடம் ஐ.பி.ஏ. நனைத்த பஞ்சை அதன்மேல் வைத்து ஊறவிட்டு, மூங்கில் குச்சியால் ஓரத்திலிருந்து நெம்புங்கள். ஊறிய ஐ.பி.ஏ. முழுக்கக் காய்ந்த பிறகும் பிடிவாதம் பிடித்தால் ஹாட் ஏர் கன்னைக் குறைந்த சூட்டில், தள்ளிப் பிடித்துக் காட்டினால் நொறுங்கும். அசிட்டோன் விரைவில் வேலை செய்யும், ஆனால் பிளாஸ்டிக்கையும் அச்செழுத்தையும் பாலிஸ்டைரீன் கெப்பாசிட்டரையும் தின்றுவிடும். குச்சியில் ஒரு சொட்டு தொட்டு வைப்பதோடு நிறுத்துங்கள். நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம், அதில் எண்ணெய் சேர்த்திருப்பார்கள்.

கம்மின் அடியில் இருந்த கால்களை ஒவ்வொன்றாக ஈர்க்கால் மெல்லத் தட்டிப் பாருங்கள். அரித்த கால் அப்போதே கையோடு வந்துவிடும். இரவில் மானிட்டர் ஓடும்போது அறுவதைவிட இப்போது அறுவது நல்லது. எடுத்து முடித்ததும், அந்த இடத்தில் பாகத்தைத் திரும்பப் போடுவதற்கு முன், இரண்டு வெற்று பேட்களுக்கு (கால் சால்டர் ஆகும் செம்பு வட்டங்கள்) நடுவே மீட்டரை 20 மெகா ஓமில் வைத்துப் பாருங்கள். அவற்றை இணைக்கும் வேறு பாகம் எதுவும் சர்க்யூட்டில் இல்லாதபோதும் ரீடிங் வந்தால், கம் இன்னும் போர்டுக்குள் ஊறிக் கிடக்கிறது, அல்லது அந்த இடம் கருகியிருக்கிறது. கருகல் கழுவினால் போகாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

எலக்ட்ரோலைட்

கெப்பாசிட்டரைக் கழற்றிய பிறகுதான் கழுவ வேண்டும், அடியில்தான் முழுக்கத் தேங்கியிருக்கும். ஈயம் மங்கியிருந்தால் எளிதில் உருகாது. புது ஈயம் கொஞ்சம் சேர்த்து உருக்கி உறிஞ்சுங்கள். அயர்னைப் பிடித்து அழுத்தினால் ஃபீனாலிக் போர்டில் பேட் உரிந்து வந்துவிடும். எலக்ட்ரோலைட்டில் இருப்பது உப்பு, அதற்கு ஐ.பி.ஏ.வைவிடத் தண்ணீரே மருந்து. டிஸ்டில்டு வாட்டர், ஐ.பி.ஏ. சரிபாதிக் கலவையால் இரண்டு தடவை, பிறகு சுத்த ஐ.பி.ஏ. ஒரு தடவை. வினிகர் ஊற்றச் சொல்வார்கள். அது கேம் போர்டில் பேட்டரி கசிந்த காரத்துக்குச் சொன்ன வைத்தியம், மானிட்டருக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்யாதீர்கள். பச்சை ட்ராக்கை ஃபைபர் பேனாவால் (கண்ணாடி நார் நுனியுள்ள சுரண்டும் பேனா) செம்பு தெரியும்வரை தேய்த்து, மெல்ல ஈயம் பூசி, மீட்டரில் தொடர்பு பார்த்து, மேலே லாக்கர் (வார்னிஷ்) ஒரு பூச்சு.

ரப்பர் கேப், எல்.ஓ.டி.

கேப்பின் உள்பக்கம், அது உட்காரும் கண்ணாடி வட்டம், எல்.ஓ.டி.யின் வெளிப்பக்கம் மூன்றையும் ஐ.பி.ஏ. நனைத்த துணியால் துடையுங்கள். கண்ணாடியில் கேப் மூடும் வட்டத்தை மட்டும் துடைத்து, கறுப்புப் பூச்சுக்கு முன்பே கையை நிறுத்துங்கள். எல்.ஓ.டி.யில் துடைத்தும் போகாத மெல்லிய கோடு தெரிந்தால் அது விரிசல். அதற்குச் சுத்தம் தீர்வாகாது, மாற்ற வேண்டும்.

காயவைப்பது: மலைக்கும் ஊருக்கும் வேறு வேறு

சேலத்தில் கவலையே இல்லை. நிழலில் காற்றோட்டமாக இரண்டு மணி நேரம், கலவைத் தண்ணீர் பட்டிருந்தால் ஒரு நாள். வைகாசி வெயிலில் ஒரு மணி நேரம் வைத்தாலும் போர்டுக்கு ஒன்றும் ஆகாது.

ஏற்காட்டில் அப்படி இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனி ஜன்னல் வழியாக அறைக்குள்ளேயே வரும்போது, மேசையில் விட்ட போர்டு காய்வதற்குப் பதிலாக ஈரம் வாங்கும். ஐ.பி.ஏ. ஆவியாகும்போது போர்டைக் குளிரவைப்பதால் மேலே பனித்துளி படியும். அதுவும் வெள்ளைத் திட்டாகக் காயும். ஐ.பி.ஏ. வாடை முழுக்கப் போன பிறகு, அட்டைப் பெட்டியில் 40 வாட் குண்டு பல்பை அட்டையில் படாதபடி தொங்கவிட்டு, மேலே ஓட்டை போட்டு, ஒரு இரவு பக்கத்தில் ஆள் இருக்கும்படி காயவையுங்கள்.

இன்னொன்று, மலைப்பாதையில் கொண்டுபோவது. ஏற்காட்டுக் குளிரில் கிடந்த மானிட்டரை இருபது கொண்டை ஊசி வளைவும் இறக்கி, சேலத்துப் புழுக்கத்தில் உடனே பிரித்தால், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு மாதிரி வியர்க்கும். பாலிதீனில் இறுகச் சுற்றியே கொண்டுவந்து, சுற்றைப் பிரிக்காமல் ஐந்தாறு மணி நேரம் விடுங்கள். வியர்வை பாலிதீனின் வெளியிலேயே நிற்கும்.

எதிர்த் திசையில் வேறு சிக்கல். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். காற்றழுத்தம் சேலத்தைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. காற்று மெலிந்தால் பொறி பாய்வது எளிது. சேலத்தில் சத்தமில்லாமல் ஓடிய மானிட்டர் மேலே போனதும் ரப்பர் கேப்பைச் சுற்றிச் சீறுவது இதனால்தான். மலைக்குப் போகிற மானிட்டரில் கேப்பையும் எல்.ஓ.டி.யையும் இரண்டு தடவை துடைத்து, கேப்பின் உதட்டில் சிலிக்கோன் க்ரீஸ் மெல்லப் பூசி அனுப்புங்கள்.

முதல் தடவை கரண்ட் கொடுப்பது

மூக்கை வைத்துப் பாருங்கள். ஐ.பி.ஏ. வாடை கொஞ்சம் இருந்தாலும் ஆன் செய்யக்கூடாது, கேப்புக்குள் ஆவி தங்கியிருந்தால் ஒரு பொறி போதும்.

எலக்ட்ரோஹோம் ஜி07, வெல்ஸ்-கார்ட்னர் கே7000 போன்ற வட அமெரிக்க மானிட்டர்கள் 120 வோல்ட்டில், ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஓட வேண்டியவை. கடையில் ‘230க்கு 110’ என்று விற்கும் டிரான்ஸ்ஃபார்மர்களில் நிறைய ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்கள். அவை வோல்ட்டைக் குறைக்குமே தவிர மெயினிலிருந்து பிரிக்காது. பிளக்கைப் பிடுங்கிய நிலையில் உள்ளே வரும் ஒயருக்கும் வெளியே போகும் ஒயருக்கும் மீட்டரில் தொடர்பு காட்டினால் அது உங்களுக்கு வேண்டாம்.

230 வோல்ட் பக்கத்தில் 100 வாட் குண்டு பல்பைச் சீரீஸாகப் போட்டு, டீகாஸ் காயில் கனெக்டரைக் கழற்றி வைத்து ஆன் செய்யுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றால் ஷார்ட், உடனே அணையுங்கள். பல்பை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது பி பிளஸ், அதாவது மானிட்டரின் முக்கிய டி.சி. வோல்ட். அந்த மாடலின் சர்க்யூட் படத்தில் போட்டிருக்கும் வோல்ட் வந்த பிறகே படத்தைப் பற்றி யோசியுங்கள்.

பிறகு அறை விளக்கை அணைத்து, கையைப் பெட்டிக்கு வெளியே வைத்துக்கொண்டு, பின்பக்கத்தைப் பத்து நிமிடம் கவனியுங்கள். கேப், எல்.ஓ.டி., நெக் போர்டு மூன்று இடங்களிலும் ஊதா வெளிச்சம் தெரியக்கூடாது. ‘உஸ்’ சத்தமும், இடி இடித்த பின் வருவது மாதிரி வாடையும் இருக்கக்கூடாது. தெரிந்தால் அணைத்து, மறுபடி டிஸ்சார்ஜ் செய்து, அந்த இடத்தை மட்டும் திரும்பத் துடையுங்கள்.

மலையில் மழைக்காலம் முழுக்க அணைந்தே கிடந்த பெட்டியை நேராக ஆன் செய்ய வேண்டாம். பின்கதவைத் திறந்து, போர்டிலிருந்து ஒரு முழம் தள்ளி ஒரு 40 வாட் பல்பை ஏற்றி, ஆள் பார்வையில் மூன்று மணி நேரம் சூடேற்றிய பிறகு ஸ்விட்சைப் போடுங்கள்.